ஜாக்பாட் அடிக்கவில்லை ஐயா, கூலி வாங்கினோம்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைன் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையைப் பதினைந்து வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

போன தீபாவளிக்கு முன்பு ஒரு நாள், நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி டீக்கடையில் நின்றோம். வாசலில் உங்கள் போஸ்டர்: ‘ஊழியர்களுக்கு அடித்தது தீபாவளி ஜாக்பாட்!’ என் பக்கத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன். உடம்பின் நிலைமின்சாரம் தரையிறங்க மணிக்கட்டில் இரவெல்லாம் கட்டியிருந்த எர்த் பட்டையின் தடம் இன்னும் மறையவில்லை. ஆன்லைன் ரம்மியில் மூன்று மாதச் சம்பளத்தைத் தொலைத்து, அம்மாவின் கம்மலை அடகு வைத்து மீண்டு வந்தவன். போஸ்டரைப் பார்த்ததும், ‘எந்த ஆப்புலண்ணே?’ என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் கை பாக்கெட்டில் இருந்த போனுக்குப் போய்விட்டது.

பத்திரிகையை வாங்கிப் பிரித்தால் உள்ளே போனஸ் செய்தி.

போனஸ் 1965-லேயே சட்டமான விஷயம். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது கணக்கில் எடுக்கிற வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டு மாதம் நின்று உழைத்தவனுக்குச் சேர வேண்டிய பாக்கி. அதற்கு எப்படி ஐயா ‘அடித்தது’ என்ற வினை பொருந்தும்? விலைவாசிக் குறியீட்டெண் ஏறியதால் ஏறுகிற அகவிலைப்படிக்கும் இதே தலைப்புதான் போடுகிறீர்கள்.

ஜாக்பாட் சீட்டாட்டத்தில் பிறந்த சொல். கையில் ஜாக் ஜோடியாவது விழுந்தால்தான் பந்தயத்தைத் திறக்க முடியும் என்ற ஆட்டத்தில், நடுவில் குவிந்து கிடக்கும் பணத்துக்குப் பெயர் அது. குதிரைப் பந்தயத்தில் வரிசையாக ஐந்து ஓட்டங்களில் ஜெயிக்கும் குதிரைகளைச் சரியாகச் சொன்னால் ஜாக்பாட். இரண்டிலும் பணம் கட்டுவார்கள், காத்திருப்பார்கள். உழைப்பவர் யாரும் இல்லை.

2024 செப்டம்பர் 9 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றுதான் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்கு அரசு சீல் வைத்தது. அதே நாளில் எங்களுக்குப் பக்கத்தில், சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முப்பத்தேழு நாள் நீடித்தது. நடுவில் போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது; வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில் அவர்களின் சங்கம் பதிவானது. மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒவ்வொரு படியிலும் மனிதர்களின் பிடிவாதம் இருக்கிறது. இதையும் ஒரு ஜாக்பாட்டாகச் சுருக்கிவிட்டால், அதைப் படிக்கிற பையனுக்கு அந்த முப்பத்தேழு நாளும் தெரியாமலே போய்விடும்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா மூடியபோது வரிப் பிரச்சினை, மைக்ரோசாப்ட் கைமாற்றம், நின்றுபோன ஆர்டர் என்று பத்திரிகைகள் காரணங்களைப் பத்தி பத்தியாக விளக்கின. நல்லதுதான். இழப்புக்கு அத்தனை காரணம் தேடத் தெரிந்த உங்களுக்கு, எங்கள் கைக்கு நாலு காசு வரும்போது மட்டும் ஏன் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை?

லாட்டரியை 2003-இல் தடை செய்த மாநிலம் இது. ஆன்லைன் சூதாட்டத்துக்கும் 2022-இல் அவசரச் சட்டம் போட்டோம். அந்தச் சூதாட்டத்தால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தியையும் நீங்கள்தான் வெளியிடுகிறீர்கள். சில நாள் ஜாக்பாட் தலைப்பு வரும் அதே பக்கத்தில்.

தலைப்புக்கு இடம் குறைவு, கண்ணில் படுகிற சொல் வேண்டும் என்பீர்கள். ‘போனஸ்’ மூன்றே எழுத்து. ‘கூலி உயர்வு’ என்றால் எங்கள் லைனில் ஒருத்தர் விடாமல் நின்று படிப்பார்கள்.

அடுத்த தீபாவளிக்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்று போட்டுத் தாருங்கள் ஐயா. அந்தப் போஸ்டருக்கு முன்னால் அந்தப் பையனை நானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பிள்ளைப்பாக்கம்