யாருடைய குறிப்பேடு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளை நடத்துவோரில் நம் சமூகத்தார் பலர். தம் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்தும் நல்லுள்ளம் படைத்தோரும் அவர்களிடையே உள்ளனர். முகாம் முடிந்தபின் அந்தத் தாள்கள் என்னவாகின்றன என்று கேட்டுப் பாருங்கள். கயிற்றால் கட்டப்பட்டு அலமாரியின் மேல்தட்டில் உறங்கும். அல்லது, அதனினும் தீங்காக, சம்பளக் கணக்கும் விடுப்பு விண்ணப்பமும் உள்ள பணிக்கோப்பில் போய்ச் சேரும்.

தீங்கு என்றது ஏன்? தன் தாள் மேஸ்திரியின் பார்வைக்குப் போகும் என்று அறிந்த தொழிலாளி, ‘இருமல் எத்தனை வாரமாக இருக்கிறது?’ என்ற வினாவுக்கு உண்மை சொல்வானா? வேலை போய்விடுமே என்ற அச்சத்தில் ‘இருமலே இல்லை’ என்பான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். அது நடவாமல் போகும். அவனருகே நிற்பவனுக்கும் கேடு, அவன் வீட்டுக் குழந்தைகளுக்கும் கேடு. எனவே உடல்நலக் குறிப்பேடு தனி ஏடாக, மருத்துவர் அல்லது செவிலியரின் பூட்டுக்குள் இருக்க வேண்டும். கணினியில் வைப்பதானாலும் அவ்விருவருக்கு மட்டுமே திறப்புச் சொல் தெரிதல் வேண்டும். அது தொழிலாளியின் அமானிதம், நிர்வாகத்தின் சொத்தன்று.

முதலாளிக்கு என்ன தெரியலாம்? மொத்தக் கணக்கு. இத்தனை பேருக்கு இரத்த அழுத்தம், இந்தப் பிரிவில் இத்தனை பேருக்குக் கைத்தோலில் புண் என்பது போதும். குரோமிய உப்பைக் கையாளும் பிரிவில் தோல் நோய் மிகுந்தால் கையுறையை மாற்ற வேண்டும் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் தேவையில்லை. மூவர் மட்டுமே உள்ள பிரிவைத் தனியே காட்டினால் யார் என்பது வெளிப்பட்டுவிடும். அதை வேறு பிரிவோடு சேர்த்தே காட்டுக.

இனி, எழுதும் முறை. நம் ஊர்களில் ஒரே தொழிற்சாலையில் நான்கு அப்துல் ரஹீம்கள் இருப்பது அரிதன்று. ஒருவரின் பெயரையே ஆண்டுக்கொரு விதமாய் எழுதுவதும் உண்டு. ஒருவரின் சர்க்கரை அளவு மற்றவரின் அட்டையில் ஏறினால் இருவருக்கும் ஆபத்து. ஆகவே ஒவ்வொருவருக்கும் மாறாத எண் ஒன்று வேண்டும். அவர் விலகினாலும் அவ்வெண்ணைப் பிறருக்குத் தருதல் கூடாது.

அளவை மட்டும் எழுதினால் போதாது. இரத்தச் சர்க்கரை 130 என்று எழுதிவிட்டால் என்ன பொருள்? வெறும் வயிற்றில் எடுத்ததாயின் நீரிழிவென ஐயுற்று மறுபரிசோதனை செய்ய வேண்டும். உணவுண்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்ததாயின் அதே 130 கவலைக்குரியதன்று. நோன்பு மாதத்தில் எடுத்ததாயின் அதையும் குறித்தல் நலம். செவிப்புலனுக்கான முதல் சோதனையை, பேரிரைச்சலிலிருந்து 14 மணி நேரமாவது விலகியிருந்தவருக்கே, அதாவது காலையில் வேலை தொடங்கும் முன்னரே செய்ய வேண்டும். மாலையில் செய்தால், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் தற்காலிக மந்தமும் நிரந்தரக் குறையாய்ப் பதிவாகிவிடும்.

சட்டமும் இதைப் பேசாமலில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 41-சி பிரிவு, அபாயகரமான தொழில்களில் உடல்நலப் பதிவேடுகளைச் செம்மையாக வைக்கவும், தொழிலாளி அவற்றைக் காண வழிசெய்யவும் பணித்தது. தோல் பதனிடுதலும் அத்தொழில்களுள் ஒன்று. அச்சட்டத்துக்கு மாற்றாக, 2020இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

வேலையை விட்டுச் செல்பவருக்கு அவருடைய பதிவுகளின் படியைக் கையில் கொடுத்தனுப்புங்கள். இரைச்சல் செவியைக் கெடுக்கப் பல ஆண்டுகளாகும்; அதற்குள் அவர் மூன்று தொழிற்சாலைகள் மாறியிருக்கலாம். இருபதாம் வயதில் அவருடைய செவி எப்படியிருந்தது என்பதற்கு அந்தத் தாளன்றி வேறு சான்று இராது.