பாதி வழியில் நின்ற விடை

x⁴ − 13x² + 36 = 0. படிவம் நான்கு மாணவர் ஒருவரிடம் இதைக் கொடுத்தேன். நான்காம் படியைப் பார்த்ததும் சற்றே திகைத்தார். பிறகு கணிப்பானை எடுத்து, இருபடிச் சமன்பாட்டுப் பகுதியில் 1, −13, 36 என்று தட்டினார். 9, 4 என வந்தது. அதையே x என்று எழுதிப் புத்தகத்தை மூடிவிட்டார்.

கணிப்பான் பிழை செய்யவில்லை. அது கண்டுபிடித்தது x அல்ல, x². முதலில் u = x² என்று ஒரு வரி எழுதியிருந்தால், u = 9, u = 4 என்று வந்திருக்கும்; அங்கிருந்து x = ±3, ±2 என நான்கு மூலங்களும் கிடைத்திருக்கும். அந்த வரியை நேர விரயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கோ கணக்கின் உயிரே அதில்தான் இருப்பதாகப் படுகிறது. எண்களைப் போட்டு விடை எடுப்பதை இயந்திரம் செய்யட்டும். எதை u என்று கொள்வது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அது எப்போதும் உடனே கண்ணில் படாது. (x+1)(x+2)(x+3)(x+4) = 24 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு விரித்தால் x⁴ + 10x³ + 35x² + 50x = 0. x = 0 தெரிந்துவிடும்; மிச்சமுள்ள முப்படி நம் தலையில் விழும். விரிக்காமல், முதல் காரணியையும் கடைசிக் காரணியையும் மட்டும் பெருக்குங்கள்: x² + 5x + 4. நடுவில் உள்ள இரண்டும் x² + 5x + 6 தரும். இரண்டிலும் x² + 5x! u = x² + 5x + 5 என்று கொண்டால் (u − 1)(u + 1) = 24, அதாவது u² = 25. u = 5 எனில் x = 0 அல்லது −5. u = −5 எனில் தன்மைக்காட்டி −15; மெய்மூலம் இல்லை.

எல்லாச் சமன்பாடும் இப்படி இணங்காது என்பது உண்மை. இத்தாலியரான ஃபெராரி நான்காம் படிச் சமன்பாடு எதையும் இரண்டு இருபடிகளாக உடைக்க வழி கண்டார்; அவருடைய ஆசான் கார்டானோ அதை 1545இல் நூலில் வெளியிட்டார். ஆனால் இடையில் ஒரு முப்படியைத் தீர்த்தாக வேண்டும். ஐந்தாம் படிக்கு அத்தகைய பொதுச் சூத்திரமே இல்லை என்று நார்வே நாட்டு ஆபெல் 1824இல் நிறுவினார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சித் தாளில் ‘u = x² எனக் கொண்டு தீர்க்க’ என்று நாமே எழுதிக் கொடுப்பதை நிறுத்தலாம். தேடவேண்டிய பொருளைக் கையில் கொடுத்துவிட்டுத் தேடச் சொல்கிறோம்.

இதோ, குறிப்பு இல்லாத ஒன்று: 2x⁴ − 9x³ + 14x² − 9x + 2 = 0. கெழுக்களை இடமிருந்தும் வலமிருந்தும் படித்துப் பாருங்கள். பிறகு x²ஆல் வகுங்கள்.