சொல்லாமல் ஏறும் டெலிபோன் கட்டணம்

விற்பவன் விலையை உயர்த்தலாம். ஆனால் அதை வாங்குபவனுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டுமென்பது வியாபார தர்மம். செல்போன் கம்பெனியார் இத்தர்மத்தைக் கைவிட்டு வருகின்றனர் என்பதே நமது ஆட்சேபம்.

2024 ஜூன் 27-ல் ஜியோ கம்பெனியார் கட்டண உயர்வை அறிவித்தனர். மறுநாள் ஏர்டெல் அறிவித்தது. வோடபோன் ஐடியாவும் பின்தொடர்ந்தது. ஜூலை 3-ல் உயர்வு அமுலுக்கு வரலாயிற்று. ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆயிற்று. கோடிக்கணக்கான ஜனங்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வாரங்கூட இல்லை.

இதுவாவது பகிரங்கமாக நடந்தது. மற்றொரு வழி இதனினும் தந்திரமானது. விலையை ஏற்றாமல், மலிவான திட்டத்தையே எடுத்துவிடுவது! 2022 நவம்பரில் ஹரியானாவிலும் ஒடிஸாவிலும் ஏர்டெல் 99 ரூபாய்த் திட்டத்தை நிறுத்தி, 155 ரூபாயைக் குறைந்தபட்சமாக்கிற்று. பின்னர் பிற வட்டங்களுக்கும் இது பரவிற்று. 2025 ஆகஸ்டில் ஜியோவின் 249 ரூபாய்த் திட்டம் வலைத்தளப் பட்டியலினின்று மறைந்தது. ‘விலை உயர்வு’ என்ற சொல் எங்குமில்லை. ஏழையின் பணம் மட்டும் கூடுதலாகப் போகிறது.

ஆழ்வார்திருநகரியில் வயல் வேலைக்குப் போகும் ஒருவர், கட்டிய பணத்தின் கெடு முடிந்து ரீசார்ஜ் கடைக்குப் போகும்போதுதான் பழைய திட்டம் இல்லையென அறிகிறார். வேண்டாமென்று திரும்பவும் அவரால் முடியாது. பாங்குக் கணக்கும், வெளியூரிலுள்ள பிள்ளையின் குரலும் அந்த எண்ணிலேயே இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில், பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பிரயாணிகள் சிக்கி நின்றபோது, டெலிபோன் தொடர்பு அறுந்ததன் துன்பத்தைத் தாமிரபரணிக் கரையார் நன்கு அறிந்தனர். இஃது ஆடம்பரப் பொருளன்று.

இந்தியாவில் கட்டணம் உலகிலேயே மலிவானவற்றுள் ஒன்று என்றும், அதைச் சந்தையே நிர்ணயிக்கிறது என்றும் மத்திய சர்க்கார் 2024 ஜூலையில் கூறினர். மலிவு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மலிவான பொருளுக்கு நோட்டீஸ் வேண்டாமென்று எந்த நீதி சொல்கிறது? 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், வேறு ஒப்பந்தமில்லாத மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்கவும் 15 நாள் நோட்டீஸ் கேட்கிறது. சந்தை காக்குமென்பாரும் யோசிக்கட்டும்: தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒரே வாரத்தில் உயர்த்தினால் வாடிக்கைக்காரர் எங்கே போவது? 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டபோது, கட்டணத்தை இறக்கிப் போட்டியை நசுக்க முயன்ற வெள்ளைக் கம்பெனியைத் தூத்துக்குடி கண்டிருக்கிறது. போட்டி குன்றினால் வருவதென்ன என்பதை இவ்வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லை.

புதிய கட்டணத்தை அமுல் செய்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதுமென்பது இங்குள்ள விதி. காவற்காரனுக்கே பின்னர்தான் செய்தி! பிரிட்டனிலோ, 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களில், இடையில் வரக்கூடிய உயர்வு இவ்வளவு பணமென்று முதலிலேயே எழுதியாக வேண்டும்.

நாம் கோருவது அதிகமன்று. உயர்வுக்கு ஒரு மாதம் முன்னதாக ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் அவரவர் பாஷையில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். மலிவான திட்டத்தை நீக்குவதும் விலை உயர்வென்றே கருதப்பட வேண்டும். ஆணையத்துக்கு அறிக்கை முன்னரே சேர வேண்டும். அவ்வாணையம் பொதுஜன அபிப்பிராயத்தைக் கேட்கும்போதெல்லாம் கம்பெனியாரின் வக்கீல்கள் பதில் எழுதுகிறார்கள். நமது விவசாய சங்கங்களும் வாசகசாலைகளும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும். கேளாதவர்க்கு எவரும் கணக்குச் சொல்வதில்லை.