நெய்வேலிப் பிள்ளைகளின் நேரம் எங்கே போகிறது?

நெய்வேலி நகரியத்தில் நிழற்சாலை, மைதானம், ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி என வளரும் பிள்ளைகளுக்குப் பலவும் உண்டு. ஆனால் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக ஷிப்டில் ஓடுகின்றன. நைட் ஷிப்டு முடித்து அத்தா பகலில் உறங்கும் வீட்டில் சத்தம் போடாதவனே நல்ல பிள்ளை. அதற்குச் சுலபமான வழி, கையில் செல்போன்!

14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளிடம் 2023-ல் ஏசர் அமைப்பு ஆய்வு நடத்தியது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் அதற்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகம் பார்த்திருந்தனர். படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர். சொந்தமாகப் போன் வைத்திருந்த ஆண்பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 மட்டுமே.

நகரியத்திலுள்ள நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. போனில் மூழ்கும் மகனைப் பற்றியே கவலைப்படுகிறோம். அடுப்படியில் கரையும் மகளின் நேரத்தை யார் கணக்கிடுகிறோம்? மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதையும் கணக்கிட்டது. 6 வயதுக்கு மேற்பட்டோரில், ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.

இன்றிரவு பாத்திரங்களை அண்ணன் கழுவட்டும். தங்கைக்குப் படிக்க அரைமணி நேரம் கிடைக்கும். அவனுக்கும் போன் அரைமணி நேரம் குறையும்.