அட்டையும் முழங்காலும்

"சேத்துப்பட்டு நெசவாளிக்கு என்ன குறை? அதுதான் 5 லட்ச ரூபாய்க் காப்பீட்டு அட்டை இருக்கிறதே!" என்கிறார்கள். இருக்கிறது. அதை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இருதயத்தில் கத்தி வைக்க நேர்ந்தால் அந்த அட்டை உயிர் காக்கும். ஆனால் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, பட்டிழையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறவனுக்கு அன்றாடம் வருகிற வியாதி எது? இடுப்புவலி, முழங்கால் வலி, கண் எரிச்சல். இதற்கெல்லாம் யாரும் படுக்கையில் சேர்த்துக்கொள்வதில்லை. படுக்கையில் சேராதவனுக்கு அட்டை வாய் திறக்காது.

2005-06இல் கைத்தறி நெசவாளருக்கென்றே மத்திய அரசு ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய்தான். ஆனால் அதில் 7,500 ரூபாய், வந்து காட்டி மருந்து வாங்கிப் போகிற வெளிநோயாளிக்கு! தொழிலை அறிந்தவன் போட்ட கணக்கு அது. பிறகு பெரிய திட்டம் வந்தது, சின்னது மறைந்தது.

மிச்சம் என்ன? கூட்டுறவுச் சங்கத்தில், கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளி போட, 4 காசு அரசு போடுகிற சேமிப்பு. அது முதுமைக்கு வைத்த பணம், முதுகுவலிக்கு அல்ல. தனியார் முதலாளியிடம் நெய்கிறவனுக்கு அதுவும் இல்லை. "அட்டைதான் இருக்கிறதே" என்று அவர் கைவிரிக்கிறார். அரசு செய்த தர்மம் அவருக்கு லாபம்!

"அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே?" இலவசம்தான். பகலெல்லாம் வரிசையில் நின்றால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். மாலையில் உள்ளூர் டாக்டரிடம் காட்டக் காசு வேண்டுமே?

அந்த 7,500ஐ இன்றைய விலைவாசிக்கு உயர்த்தி அட்டைக்குள் வையுங்கள். கூலி கொடுக்கிறவரும் ஒரு பங்கு போடட்டும். புடவைக்கு விலை வைக்கும்போது சரிகைக்குக் கணக்கு உண்டு. நெய்தவன் முழங்காலுக்கு ஏன் இல்லை?