விதைக்கென்று ஒரு செடி

திருநீற்றுப்பச்சிலை பூக்கத் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் கதிரைக் கிள்ளி எறிகிறார்கள். இல்லையென்றால், செடி முற்றிவிட்டது என்று வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள். தழைதான் வேண்டும் என்றால் நுனி கிள்ளுவது சரி. பூ வந்துவிட்டால் செடியின் கவனம் விதைக்குப் போய்விடும். இலை சிறுக்கும், மணமும் மாறும். ஆனால் எல்லாச் செடிகளையும் கிள்ளிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் விதை பாக்கெட்டுக்குக் கடையைத்தான் நம்ப வேண்டும்.

சர்பத்திலும் ஃபலூடாவிலும் போடும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். பீட்சாவில் போடும் பேசிலும் இதே இனம், ரகம்தான் வேறு. ஆகவே நான் சொல்லப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

விதை எடுக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது, எந்தச் செடியிலிருந்து எடுப்பது என்பது. நல்ல தழையையெல்லாம் சமையலுக்கும் பூஜைக்கும் பறித்துவிட்டு, ஓரத்தில் தானாகப் பூத்துக் காய்ந்து நிற்கும் சவலைச் செடியில் விதை எடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அவசரமாக முதலில் பூத்த செடியின் விதையையே ஆண்டுதோறும் விதைத்தால், சீக்கிரம் பூத்து ஓய்ந்துபோகும் செடிகள்தான் நமக்குப் பெருகும். கிளை விட்டுப் புதராக வளர்ந்த, மணம் மிகுந்த, தாமதமாகப் பூக்கிற செடி எதுவோ அதில்தான் விதை எடுக்க வேண்டும். அப்படி ஒன்றிரண்டு செடிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, தண்டில் ஒரு நூல் கட்டிவையுங்கள். வீட்டில் யாரும் தவறிக் கிள்ளிவிட மாட்டார்கள். இலையில் மஞ்சள் படர்ந்து, அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் அது அடிச்சாம்பல் நோயாக இருக்கலாம். விதை வழியாகவும் பரவக்கூடிய நோய் அது. அந்தச் செடியில் விதை எடுக்கவே கூடாது.

இன்னொன்று, தேனீ. இந்தப் பூக்களைத் தேனீக்கள் விடாது. பச்சை ரகமும் ஊதா ரகமும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் பூத்தால் மகரந்தம் கலந்துவிடும். அடுத்த தலைமுறை எந்த நிறத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ரகம் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால், பூ விரியுமுன் கதிருக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டி, அவ்வப்போது மெதுவாக அசைத்துவிடுங்கள். தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய செடி இது.

கதிர் கீழிருந்து மேலாகப் பூக்கும்; விதையும் அந்த வரிசையில்தான் முற்றும். ஒவ்வொரு பூவின் புல்லிக்குள்ளும் நான்கு விதைகள் வரை இருக்கும். நுனியும் காயட்டும் என்று காத்திருந்தால் அடியில் முற்றிய விதை கொட்டிப்போகும். கதிரின் பெரும்பகுதி பழுப்பானதும், புல்லி ஒன்றைக் கசக்கிப் பாருங்கள். விதை கறுத்திருந்தால் அறுத்துவிடலாம். பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் அறுப்பது நல்லது. இந்த விதை ஈரம் பட்டவுடன் கொழகொழவென்று உறை கட்டும். மண்ணில் அது வரம். விதையைச் சுற்றி ஈரத்தைப் பிடித்துவைக்கும். சேமிக்கும்போது அதுவே கேடு. எனவே இந்த விதையைக் கழுவவே கூடாது.

அறுத்த கதிரைக் காகிதப் பையில் போட்டு நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பிறகு உள்ளங்கையில் கசக்கி, சல்லடையில் தூசியைச் சலித்து, முறத்தில் புடைத்தால் உமி பறந்து விதை தங்கும். காய்ந்த விதையைக் காற்றுப் புகாத சிறு பாட்டிலில் போட்டு, ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தாலும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியல் சொல்லும் கணக்கு. அடுப்படி அலமாரியை விடக் குளிர்சாதனப் பெட்டி நல்லது. இப்படி வைத்தால் சில ஆண்டுகளுக்கு முளைப்புத் திறன் இருக்கும். விதைக்கும்போது ஆழமாகப் புதைக்காமல் மேலாகத் தூவி, மண்புழு உரத்தை மிக மெல்லிசாகப் போர்த்தினால் போதும். ஒரு வாரம் பத்து நாளில் முளை தெரியும்.

நன்றாக வளர்ந்த ஒரே செடி ஒரு தெருவுக்கே போதுமான விதையைத் தந்துவிடும். மிஞ்சுவதைக் காகிதத்தில் மடித்து அக்கம்பக்கத்தில் கொடுங்கள். விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறரோடு பகிர்ந்துகொள்ளவும் உழவருக்கு உள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மாடித் தொட்டியில் வளர்ப்பவரும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. நாம் கொடுத்த விதை நாலு வீட்டில் வளர்ந்தால், நம் செடி பட்டுப்போனாலும் அந்த ரகம் அழியாது. இந்த வாரமே உங்கள் தொட்டிகளைப் பார்த்து, இருப்பதில் மிகச் சிறந்த செடிக்கு ஒரு நூல் கட்டுங்கள்.