பேய்ப்படங்களுக்கும் ஒரு வீடு

வாழவந்தியிலிருந்து மலையிறங்கிச் சேலம் செல்லும்போதெல்லாம், ஏற்காடு சாலையில் தனித்து நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு கண்ணில் படும். டி.ஆர். சுந்தரம் நிறுவிய அப்படக்கூடம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது. ‘வல்லவன் ஒருவன்’ (1966) போன்ற துப்பறியும் படங்களும் அவற்றுள் அடக்கம். அவற்றை இன்று யார் காட்டுகிறார்கள்?

பிரிட்டனில் 2004இல் திகில் படங்களுக்கென்றே ‘தி ஹாரர் சேனல்’ தொடங்கப்பட்டது. இடையில் ‘ஸோன் ஹாரர்’ ஆகி, 2010இல் ‘ஹாரர் சேனல்’ என மீண்டு, 2022இல் ‘லெஜண்ட்’ எனப் பெயர் மாறி, பிறவகைப் படங்களோடு கலந்தது. ஆயினும் பதினெட்டு ஆண்டுகள் அது ஒதுக்கப்பட்ட படங்களுக்கு வீடாக இருந்தது.

தமிழில் பேய்க்குப் பஞ்சமில்லை. 1990களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்ம தேசம்’ தொடரைக் கண்டு அஞ்சாதார் யார்? பின்னர் ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) முதலியன பேயைச் சிரிப்புக்குரியதாக்கின. ஆனால் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963), ‘யார் நீ?’ (1966) ஆகியவற்றின் மௌனமான அச்சத்தை இளையோர் அறியார்.

இணையத்தில் கிடைக்கின்றனவே என்பர். தேடுவோர்க்கே இணையம் தரும். பெயரே அறியாதவன் எதைத் தேடுவான்? தெரியாததைக் கொணர்ந்து காட்டுவதே அலைவரிசையின் பணி. வாரத்தில் ஓரிரவேனும், அறிந்தவர் ஒருவரின் முன்னுரையோடு இப்படங்களைக் காட்டத் தமிழ் அலைவரிசைகள் முன்வரலாகாதா? வளைவு மட்டும் எஞ்சி, படங்கள் மறக்கப்படுவது நமக்கு அழகன்று.